யாருடைய நோயைப் பகிர்வோம்?

2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மெடிக்கல் கார்டு வைத்திருந்த பலருக்கு ஒரு கடிதம் வந்தது. மாதச் சந்தா உயர்கிறது என்றது கடிதம். சிலருக்கு 40 விழுக்காடு, சிலருக்கு 70 விழுக்காடு வரை. கூச்சல் பெரிதானது. டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும், சந்தாதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும், அறுபது வயதைக் கடந்து ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டுக்கு உயர்வை நிறுத்திவைக்க வேண்டும் என்று அறிவித்தது. இந்த ஏற்பாடும் 2026 இறுதி வரைக்கும்தான். ஆக, உயர்வு ரத்தாகவில்லை. தவணை முறையில் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நம் இளைஞர்களிடையே ஒரு பேச்சு சூடு பிடித்திருக்கிறது. மாமாக் கடையில் பேசுகிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் எழுதுகிறார்கள். “ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் எதுக்குக் கொட்டிக் கொடுக்கணும்? நம்ம ஆளுங்க இருநூறு பேர் சேர்ந்து ஆளுக்கு மாசம் அம்பது வெள்ளி போட்டா, யாருக்கு முடியலன்னாலும் பார்த்துக்கலாம் இல்ல?” கூடவே அமெரிக்காவிலிருந்து ஒரு காணொளி வரும். அங்கே லட்சக்கணக்கான குடும்பங்கள் காப்புறுதியை உதறிவிட்டு, மருத்துவச் செலவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு நிம்மதியாக வாழ்கின்றன என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்வார். கீழே நம்மவர் ஒருவர் “இதுதான் நமக்கும் வழி” என்று எழுதியிருப்பார்.

இந்தப் பேச்சை எதிர்த்தே இதை எழுதுகிறேன். காப்புறுதி நிறுவனங்களுக்காக வக்காலத்து வாங்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. அவர்கள் மேல் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் பெயரால் ‘பகிர்வு’ என்ற நல்ல சொல்லை எடுத்து, அதற்குள் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறொன்றை நிரப்பிக் கொடுக்கிறார்கள். இலக்கிய இதழில் மருத்துவச் செலவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான். ஒரு சொல் மோசடிக்குப் பயன்படும்போது அதைக் கவனிக்க வேண்டியது சொல்லோடு புழங்குகிறவர்களின் வேலை.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். நம்மவர்கள் அதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

அங்கே இந்தச் செலவுப் பகிர்வுத் திட்டங்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ அமைப்புகளால் நடத்தப்படுகின்றன. சக விசுவாசியின் சுமையில் தோள் கொடுப்பது கடமை என்ற நம்பிக்கையில் தொடங்கியவை. சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ் என்ற அமைப்பில் பல ஆண்டுகளாக இருந்த முறை இது: மாதப் பணம் தலைமையகத்துக்குப் போகாது. இந்த மாதம் எந்த வீட்டில் நோய் என்று உறுப்பினருக்குத் தகவல் வரும். அந்த வீட்டு முகவரிக்கே அவர் காசோலையை அனுப்புவார். கூடவே ஆறுதலாக நாலு வரி எழுதுவார். முகம் தெரியாத ஒரு நோயாளியின் வீட்டுத் தபால்பெட்டியில் முகம் தெரியாதவர்களின் கடிதங்கள் குவிவதை நினைத்துப் பாருங்கள். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. எந்தக் காப்புறுதி நிறுவனமும் யாருக்கும் அப்படி எழுதியதில்லை.

2010-இல் ஒபாமாவின் மருத்துவச் சட்டம் வந்தபோது, காப்புறுதி எடுக்காதவர்களுக்கு அபராதம் என்ற விதி வந்தது. 1999-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து தொடர்ந்து இயங்கிவரும் பகிர்வு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதற்குப் பிறகுதான் இந்த அமைப்புகள் பெருகின. உறுப்பினர் எண்ணிக்கை இன்று பத்து லட்சத்துக்கும் மேல். மாதக் கட்டணம் காப்புறுதியைவிடக் குறைவு. சில இடங்களில் பாதிக்கும் குறைவு.

ஏன் குறைவு? அன்பினாலா? அந்தச் சட்டத்தின்படி காப்புறுதி நிறுவனம் ஏற்கெனவே நோய் உள்ளவரைத் திருப்பி அனுப்ப முடியாது. நோயைக் காரணம் காட்டிக் கூடுதல் சந்தா கேட்கவும் முடியாது. பகிர்வு அமைப்புக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நீரிழிவோ புற்றுநோயோ இருப்பவரை அது சேர்க்காமல் விடலாம். சேர்த்தாலும், அந்த நோய்க்கான செலவை இத்தனை ஆண்டுகளுக்குப் பகிர மாட்டோம் என்று சொல்லலாம். நோயாளியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஆரோக்கியமானவர்கள் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டால் செலவு குறையத்தானே செய்யும்?

இரண்டாவது விஷயம் அவர்களின் எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது, சிறிய எழுத்தில். இது காப்புறுதி அல்ல, உங்கள் மருத்துவச் செலவைத் தருவதற்கு எங்களுக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை என்ற வாசகம்தான் அது. பணம் வந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடம் இல்லை.

அப்படி நடந்ததா என்றால், நடந்தது. ட்ரினிட்டி ஹெல்த்ஷேர் என்ற அமைப்பு 2018-இல் உருவானது. பிறகு ஷாரிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் நிர்வாகத்தைக் கவனித்தது அலியெரா என்ற லாப நோக்கு நிறுவனம். 2021 ஜூலையில் ஷாரிட்டி திவாலானது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மருத்துவமனைக் கட்டணங்கள் கோடிக்கணக்கான டாலர் அளவில் அப்படியே நின்றன. 2022-இல் கலிஃபோர்னியா அரசுத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் ஒரு கணக்கு வந்தது. உறுப்பினர்கள் கட்டிய ஒவ்வொரு டாலரிலும் மருத்துவத்துக்குப் போனது 16 காசு அளவுக்குத்தான் என்பது குற்றச்சாட்டு. தனிநபர் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் வசூலிக்கும் டாலரில் குறைந்தது 80 காசை மருத்துவத்துக்குச் செலவழித்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. நாம் திட்டித் தீர்க்கும் காப்புறுதிக்கு 80 காசு என்ற கடிவாளம். ‘பகிர்வு’ என்று பெயர் வைத்தால் கடிவாளமே கிடையாது.

எல்லா அமைப்புகளும் அலியெரா போன்றவை அல்ல. பல ஆண்டுகளாக நேர்மையாகப் பணம் கொடுத்து வருபவையும் உண்டு. ஆனால் நேர்மையான அமைப்பிலும் ஒரு விதிமுறைப் பட்டியல் இருக்கும். புகை பிடிக்கக் கூடாது. போதைப் பொருள் கூடாது. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது. திருமணமாகாத பெண்ணின் பிரசவச் செலவைப் பகிர மாட்டோம் என்று சொல்லும் திட்டங்கள் உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி அடிபட்டால் பகிர மாட்டோம் என்பவை உண்டு. எந்த நோய் பகிரத் தகுந்தது, எந்த நோயாளி இரக்கத்துக்குரியவர் என்பதை இங்கே மருத்துவர் தீர்மானிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார்.

“அது வெள்ளைக்காரனோட மதப் பிரச்சினை, நமக்கென்ன?” என்று கேட்கலாம். சரி, நம் கைப்பேசியைத் திறந்து பார்ப்போம்.

*

நம்மிடம் ஏற்கெனவே ஒரு செலவுப் பகிர்வுத் திட்டம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் சுவரொட்டிதான் அது. கட்டிலில் ஒரு குழந்தை, மூக்கில் குழாய், கீழே தேவைப்படும் தொகை, வங்கிக் கணக்கு எண், “தயவுசெய்து பகிருங்கள்.” வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. நாமும் இருபது வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ போடுகிறோம். போடுவது நல்லது. தொடர்ந்து போடுவோம்.

ஆனால் அந்தச் சுவரொட்டிகளில் யார் இருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? குழந்தைகள். இளம் தாய்மார்கள். விபத்தில் அடிபட்ட மாணவர்கள். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போன ஐம்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர் அதில் வருவதில்லை. காசநோய்க்காரர் வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் வரவே முடியாது. மனநோயாளியின் படத்தை யாரும் போடுவதில்லை. சர்க்கரையால் காலை இழந்த கிழவி எத்தனை பேரிடமிருந்து எத்தனை வெள்ளி வாங்குவார்? அவர் படத்தைப் பார்த்ததும் “வாயக் கட்டியிருக்கணும்” என்று முணுமுணுப்பவர்கள் நாம்தான். எழுதி வைக்காத விதிமுறைப் பட்டியல் நம்மிடமும் இருக்கிறது.

நோயாளி இரந்து நிற்க வேண்டும், கொடுப்பவருக்கு மனம் இளக வேண்டும், அதற்குப் படம் நன்றாக அமைய வேண்டும். இதற்குப் பகிர்வு என்று பெயர் வைக்க முடியுமா? இது தர்மம். தர்மம் நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பி யாரும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்க முடியாது.

“அதனாலதான் ஒழுங்கா ஒரு குழு அமைப்போம்னு சொல்றோம். நம்ம தாத்தா பாட்டி கூட்டு கட்டலயா?” என்று அடுத்த வாதம் வரும். இது கொஞ்சம் வலுவான வாதம். கொஞ்சம் நின்று பேசலாம்.

ஆம், கட்டினார்கள். இந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே நம் கூட்டு ஏறியிருக்கிறது. 1971-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது. உள்ளே விளக்கத்தில் ‘சீட்டு’ என்ற சொல்லும் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் மாதம் பத்து, இருபது என்று போட்டு, முறை வரும்போது எடுத்து, மகளுக்குத் தோடும் மகனுக்குப் பள்ளிச் சீருடையும் வாங்கினார்கள். மொய்யும் அப்படித்தான். கல்யாணத்தில் எழுதிய மொய்க்கு நோட்டு உண்டு. வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். கோயில்களிலும் சங்கங்களிலும் மரண சகாய நிதி நடத்தியிருக்கிறோம். மலாய்க்காரர்கள் சூராவ்களில் கைராத் கெமாத்தியான் நடத்துகிறார்கள்.

இவையெல்லாம் ஏன் உடையாமல் நடந்தன? எல்லோருக்கும் முறை வரும் என்பதால். கூட்டில் இருபது பேர் இருந்தால் இருபதாவது மாதத்துக்குள் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். எல்லார் வீட்டிலும் கல்யாணம் நடக்கும். எல்லோரும் ஒரே ஒரு முறைதான் சாவார்கள், அந்தச் செலவும் ஓர் எல்லைக்குள் நிற்கும். நோய்க்கு அப்படி முறை கிடையாது. ஒருவர் எழுபது வயது வரை காய்ச்சலுக்குக்கூட கிளினிக் போக மாட்டார். இன்னொருவர் இருபத்தெட்டு வயதில் சிறுநீரகம் பழுதாகி, உயிரோடு இருக்கும் வரை வாரம் மூன்று முறை இயந்திரத்தோடு படுத்திருப்பார். இங்கே வாங்கியவர் திருப்பித் தர முடியாது. கொடுப்பவருக்குத் தன் முறை வராமலே போகலாம், வரக் கூடாது என்றுதான் அவரும் வேண்டிக்கொள்கிறார். கூட்டு கட்டிய அனுபவத்தை வைத்துக்கொண்டு நோயைப் பகிரக் கிளம்புவது, குளத்தில் நீந்தியவர் அதே தைரியத்தில் கடலில் இறங்குவது போல.

கணக்கைப் போட்டே பார்ப்போம். இருநூறு பேர், ஆளுக்கு ஐம்பது வெள்ளி. மாதம் பத்தாயிரம். ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். தனியார் மருத்துவமனையில் இருதய பைபாஸ் என்றால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு பேருக்குச் செய்தால் அந்த ஆண்டின் நிதி அநேகமாக முடிந்தது. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு இருநூறு வெள்ளி என்று வைத்தாலும், வாரம் மூன்று என்றால் ஆண்டுக்கு முப்பதோராயிரம். நான்கு பேர் போதும். அடுத்த ஆண்டும் அதே நான்கு பேர் இருப்பார்கள். ஐந்தாவது ஆள் வந்து சேர்வார்.

இது நம் சமூகத்துக்கு வெறும் கற்பனைக் கணக்கல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 22 விழுக்காடு. சீனர்களில் 15.1 விழுக்காடு. “நம்ம ஆளுங்க மட்டும்” என்று அமைக்கும் குழு, இந்த நாட்டிலேயே மிக அதிக நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் செலவை ஒருவர் ஏற்கிறோம் என்று சொல்லும் குழு. இன்று இருபத்தைந்து வயதில் இருப்பதால் அது தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளில் தெரியும். அப்போது குழு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். மாதம் ஐம்பதை முந்நூறாக்க வேண்டும். அல்லது சர்க்கரை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். இரண்டாவதைச் செய்தால், நம் சமூகத்துக்காக என்று தொடங்கிய குழு நம் சமூகத்தில் மூன்றில் ஒருவரை வெளியே நிறுத்தும்.

சட்டம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. நோய் வந்தால் இவ்வளவு தருவோம் என்று பணம் வாங்கிக்கொண்டு வாக்குறுதி கொடுத்தால் அது காப்புறுதி வணிகம். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், மூலதனம் வேண்டும், பேங்க் நெகாராவின் கண்காணிப்பு வேண்டும். வாக்குறுதி கொடுக்காமல், முடிந்தால் தருவோம் என்று சொன்னால் சட்டம் தொல்லை தராது. ஆனால் நோயாளிக்கு எந்த உரிமையும் இல்லை. உறுதி கொடுத்தால் காப்புறுதி, கொடுக்காவிட்டால் தர்மம். இரண்டுக்கும் நடுவில் மலிவான, பாதுகாப்பான ஓர் இடம் இருப்பதாகச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார்.

*

“இருநூறு பேர் போதாதுன்னா பெரிசா செய்வோம். இப்பதான் எப் இருக்கே” என்பவர்களுக்குச் சீனாவின் அனுபவம் இருக்கிறது. அலிபே செயலியை நடத்தும் ஆண்ட் நிறுவனம் 2018 அக்டோபரில் ‘சியாங்ஹூபாவ்’ என்ற பரஸ்பர உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சேரக் கட்டணம் இல்லை. யாருக்காவது கடும் நோய் வந்தால் அந்தத் தொகையை எல்லா உறுப்பினர்களுக்கும் பிரித்துக் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் தலைக்குச் சில காசுகள்தான். ஓராண்டில் உறுப்பினர்கள் பத்து கோடி. உலகத்தில் எந்தக் கூட்டும் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில்லை.

பிறகு நடந்தது எளிமையானது. நோயாளிகள் கூடினார்கள், பங்கும் கூடியது. 2019-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு முப்பது யுவானுக்குள் இருந்த பங்கு, அடுத்த ஆண்டே தொண்ணூறை எட்டியது. இளைஞர்கள் “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கிளம்பினார்கள். ஆரோக்கியமானவர் ஒருவர் போகும்போது மிச்சமிருப்பவரின் பங்கு கூடுகிறது. கூடினால் இன்னொருவர் போகிறார். கட்டணம் நாம் காப்புறுதிக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அற்பம்தான். அப்படியும் நிற்கவில்லை. 2022 ஜனவரி 28-ஆம் தேதி திட்டத்தை மூடினார்கள்.

எழுந்து போக அனுமதி உள்ள எந்தப் பகிர்வும் இப்படித்தான் கரையும். சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டுதான் 2015 நவம்பரில் மெடிஷீல்ட் லைஃப் திட்டத்தைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. கடும் நோய் உள்ளவர்கள் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும், ஆனால் யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை. சிங்கப்பூர் முறையில் எனக்கு வேறு பல சண்டைகள் உண்டு. என்றாலும் இந்த ஓர் உண்மையை அது மறைக்கவில்லை: யாரும் விலக முடியாது, யாரையும் விலக்க முடியாது என்றால்தான் பகிர்வு நிற்கும்.

இன்னொரு வாதத்தையும் பார்த்துவிடலாம். “தக்காஃபுல் எடுத்துக்கலாமே, அது பகிர்வுதானே?” கொள்கை அளவில் ஆம். உறுப்பினர்கள் ஒரு பொது நிதிக்குத் தபாரு, அதாவது நன்கொடையாகப் பணம் செலுத்துகிறார்கள். யாருக்கு நோய் வந்தாலும் அந்த நிதியிலிருந்து எடுக்கிறார்கள். நிறுவனம் நிர்வாகக் கூலி வாங்கிக்கொள்கிறது. சட்டம் உண்டு, கண்காணிப்பு உண்டு, எந்த மதத்தவரும் சேரலாம். அமெரிக்கத் திட்டங்களைவிட ஆயிரம் மடங்கு நேர்மையான ஏற்பாடு. ஆனால் 2024-இல் காப்புறுதிச் சந்தா உயர்ந்தபோது மருத்துவத் தக்காஃபுல் பங்களிப்பும் உயர்ந்தது. பேங்க் நெகாராவின் அந்த அறிவிப்பு இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

அது ஏன் என்று யோசித்தால் இந்த விவாதத்தின் அடிமடி தெரியும். காப்புறுதியோ, தக்காஃபுலோ, வாட்ஸ்அப் குழுவோ, எல்லாமே பில்லை எப்படிப் பிரிப்பது என்பதற்கான வழிகள். பில்லை எழுதுவது வேறொருவர். தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு. கையுறை, மருந்து, ஊசி, உபகரணம், அறுவை அறை என்று மருத்துவமனை போடும் கட்டணங்களுக்கு அப்படி வரம்பு இல்லை. பில் பெருகுவது அங்கேதான். சாப்பாட்டுக் கடையில் பில்லை யார் யார் எவ்வளவு கட்டுவது என்று மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். விலைப் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

*

அப்படியானால் பகிர்வே வேண்டாமா? வேண்டும். அது எப்படி வளரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

வேல்ஸ் நாட்டில் ட்ரெடீகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே 1890-இல் தொழிலாளர்கள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்தார்கள். ஊதியத்தில் ஒவ்வொரு பவுனுக்கும் மூன்று பென்ஸ் சங்கத்துக்குப் போகும். அந்தப் பணத்தில் மருத்துவர்களை வேலைக்கு வைத்தார்கள், மருத்துவமனை நடத்தினார்கள். காலப்போக்கில் ஊரில் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் வந்தார்கள். நாவல் வாசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: ஏ.ஜே. குரோனின் 1920-களின் தொடக்கத்தில் அந்தச் சங்கத்தில் மருத்துவராக வேலை பார்த்தவர். 1937-இல் வந்த அவருடைய ‘தி சிட்டாடெல்’ நாவலில் வரும் சுரங்க ஊர்களுக்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது. சங்கத்தின் குறைகளையும் அவர் விடாமல் எழுதினார்.

அதே ஊரில் பிறந்து, பதின்ம வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த அனைரின் பெவன், 1945-இல் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். ட்ரெடீகரில் எங்களுக்குக் கிடைத்ததைத்தான் நாட்டுக்கே தருகிறேன் என்ற பொருளில் அவர் பேசினார். ஊர் ஊராக இப்படிச் சங்கம் அமையுங்கள், அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை. தன் ஊரின் சங்கம் நல்லது என்று தெரிந்ததால்தான் அந்தச் சங்கம் தனியாகத் தேவைப்படாத நிலையை உண்டாக்கினார்.

நமக்கும் இப்படி ஒரு நினைவு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதில் உறுப்பியம் இருந்தது, பங்கு இருந்தது, கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. கைநாட்டு வைத்தவரும் உறுப்பினர்தான். அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இப்போதைய குழுப் பேச்சில் இந்த உரிமை என்ற சொல் ஒரு தடவையாவது வருகிறதா என்று பாருங்கள்.

இனி நான் சொல்ல வருவதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் மிகப் பெரிய செலவுப் பகிர்வுத் திட்டத்தில் நாம் ஏற்கெனவே உறுப்பினர்கள். அதற்குப் பெயர் பொது மருத்துவமனை. வெளிநோயாளியாகப் போனால் ஒரு ரிங்கிட். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று ரிங்கிட். மிச்சத்தை யார் கட்டுகிறார்கள்? வரி கட்டும் எல்லோரும். ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கும்போது விற்பனை வரி கட்டுபவர் உட்பட. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 4,530 கோடி ரிங்கிட். 3 கோடியே 40 லட்சம் மக்களால் வகுத்தால் தலைக்கு மாதம் நூற்றுப் பத்து வெள்ளி வருகிறது. நீங்கள் கேட்ட ஐம்பது வெள்ளிக் குழு இரு மடங்குக்கு மேல் பெரிதாகவே நடக்கிறது. அங்கே சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுச் சேர்ப்பதில்லை. திருமணமாகிவிட்டதா என்று கேட்டுப் பிரசவம் பார்ப்பதில்லை. குடிகாரனின் ஈரலுக்கும் குழந்தையின் இருதயத்துக்கும் ஒரே கவுண்டர்தான்.

“ஜி.எச்.சுக்குப் போனா நம்பர் எடுத்து அஞ்சு மணி நேரம் உக்காரணும், ஸ்கேனுக்கு ஆறு மாசம் கழிச்சுத் தேதி கொடுப்பான்” என்பீர்கள். உண்மை. அதை மறுக்க மாட்டேன். மருத்துவர்கள் தனியாருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடை அணிந்து வார்டை விட்டு வெளியே வந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் இன்னொன்றும் உண்மை. அந்த வரிசையில் உட்கார்ந்து, இது ஏன் இப்படி என்று கேட்டு, அமைச்சுக்கு மனு எழுதி, பத்திரிகைக்கு எழுதத் தெரிந்த நம் தலைமுறை, மெடிக்கல் கார்டை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருப்பவர்கள் கேட்கத் தெரியாதவர்கள், அல்லது கேட்டாலும் யாரும் காது கொடுக்காதவர்கள். குரல் உள்ளவர்கள் வெளியேறிய இடம் கெட்டுப்போகும். இப்போது கார்டும் கைவிடுகிறது. அதனால் மூன்றாவதாக ஒரு கதவைத் தேடுகிறோம். பழைய வாசலுக்கே திரும்பிப் போய், இதைச் சரி செய் என்று கேட்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

பொது மருத்துவமனை குறையில்லாத பகிர்வு என்றும் சொல்ல மாட்டேன். நீல அடையாள அட்டை கிடைக்காமல் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதே கவுண்டரில் வெளிநாட்டவருக்கான கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்துக்குப் பயந்தே நோயை முற்றவிடுபவர்கள் உண்டு. சுவரொட்டிக்குப் பணம் போடுவதோடு சேர்த்து, இந்த விலக்கலுக்கு எதிராகவும் நாம் பேச வேண்டும். வாசலில் யாரை நிறுத்துகிறாய் என்று அமெரிக்க அமைப்பிடம் கேட்ட அதே கேள்வி அரசாங்கத்துக்கும் பொருந்தும்.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகும் இலக்கைச் சொல்கிறது. அது எங்கே நிற்கிறது? தனியார் மருத்துவமனைகளின் கட்டணங்களுக்கு வரம்பு எப்போது வரும்? ஒப்பந்த மருத்துவர்களுக்கு என்ன ஆயிற்று? இவை குழு அமைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள். கேட்பதற்குச் சந்தா கிடையாது.

குழு அமைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருநூறு பேர் சேர்ந்து செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. டயாலிசிஸ் போகும் பாட்டியை வாரம் மூன்று நாள் யார் காரில் கூட்டிப்போவது? தினக் கூலிக்குப் போகும் அப்பா மகனோடு வார்டில் ஒரு மாதம் தங்கினால் அந்த மாத வாடகை என்ன ஆகும்? மலாயில் எழுதிய சம்மதப் பாரத்தை வாசித்துச் சொல்ல யார் பக்கத்தில் இருப்பார்? இந்தச் செலவுகளுக்கு எந்த மெடிக்கல் கார்டும் வராது. இவை ஓர் எல்லைக்குள் அடங்குபவை, கூட்டு கட்டிய கைகளுக்குப் பழக்கமானவை. மாதம் ஐம்பது வெள்ளி இங்கே உண்மையிலேயே பெரிய பணம். அதை விட்டுவிட்டு பைபாஸ் பில்லை ஏற்கிறோம் என்று கிளம்பினால், மூன்றாவது ஆண்டில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாருடைய நோயைப் பகிர்வது, யாருடையதை விடுவது என்று ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோயாளியும் உட்கார்ந்திருப்பார்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வருவார். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் மாவட்ட மருத்துவமனையில் சிறுநீரக நிபுணர் எத்தனை பேர், எத்தனை பேர் இருக்க வேண்டும்? பதில் தெரியாவிட்டால் அடுத்த மாதமும் கேளுங்கள். அந்த நிபுணரின் சம்பளத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது.